கண்டது பொது, காரணம் தனி: கூட்டாகப் பேய்க்கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் பேய் ஐந்தாம் அத்தியாயத்தில் செத்துப்போனது.

நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று முறை வைத்து எழுதிய தொடர்கதை அது. ஓர் ஆறு, ஓர் ஓடத்துறை, ஓடம் தள்ளும் தங்கம் என்ற பெண். மூன்று வருடத்துக்கு முன் வெள்ளத்தில் போன அவள் தம்பியின் உடல் கிடைக்கவே இல்லை. இப்போது சில இரவுகளில் எதிர்க்கரையிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிடுகிறார்கள். மூன்றாவது முறை கூப்பிடுவதில்லை. நான்கு அத்தியாயம் வரைக்கும் எழுதுகிற எங்களுக்கே ராத்திரியில் அதைத் திருப்பிப் படிக்கத் தயக்கமாக இருந்தது. ஐந்தாவதை எழுதியவர் தம்பியைத் தண்ணீரிலிருந்து எழுப்பி, படித்துறையில் உட்காரவைத்து, தன்னைத் தள்ளிவிட்டது யார் என்று இரண்டு பக்கத்துக்குப் பேசவிட்டார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் ஆறாவதை எழுத உட்கார்ந்த எனக்கு எதுவும் மிச்சமில்லை. வாய் திறந்து விவரம் சொல்லும் பேய் வெறும் சாட்சி. அதைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதற்குப் பயப்பட முடியாது.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டேன். “எத்தனை நாள்தான் வாசகரை ஏமாத்துறது?” என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. பேயா இல்லையா என்று சொல்லாமல் விடுவது ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஏமாற்று வேலையாகாமல் எழுதுவது எப்படி, அதுவும் நான்கு கைகள் எழுதும்போது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஒரே கதையை உருவாக்குவது கூட்டுப் புனைவு. எங்களைப் போல முறை வைத்து எழுதலாம். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அதன் பேச்சையும் செயலையும் மட்டும் எழுதலாம். ஒரு ஊரைப் பொதுவில் வைத்துக்கொண்டு தனித்தனிக் கதைகளும் எழுதலாம். எந்த வகையானாலும் அடுத்தவர் என்ன எழுதப்போகிறார் என்பது நம் கையில் இல்லை. துப்பறியும் கதையில் இதைச் சமாளித்துவிடலாம். எத்தனை முடிச்சு விழுந்தாலும் கடைசி ஆள் உட்கார்ந்து அவிழ்த்துக்கொள்வார். பேயா மனுஷனா என்று தெரியாமலே ஓட வேண்டிய கதைக்கு அந்த வசதி கிடையாது. நால்வரில் ஒருவர் அவசரப்பட்டால் எல்லோருடைய கதையும் அங்கேயே முடிகிறது.

ஐயம் என்பது மங்கல் அல்ல

திருக்குறளின் காமத்துப்பால் இப்படித் தொடங்குகிறது:

“அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை
மாதர்கொல் மாலும்என் நெஞ்சு”

எதிரே நிற்பது வருத்தும் தெய்வமா, மயிலா, கனத்த குழை அணிந்த பெண்தானா? எது என்று தெரியாமல் நெஞ்சு மயங்குகிறது. அகப்பொருள் இலக்கணம் இந்த நிலைக்கு ஐயம் என்று பெயர் வைத்தது. அடுத்த படி தெளிவு. ஐயத்தைக் களையும் கருவிகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. சூடிய பூவை மொய்க்கும் வண்டு, கண் இமைப்பு, அச்சம் எல்லாம் அந்த வரிசையில் வரும். இமைத்தால் மனுஷி. அகத்திணைத் தலைவன் இந்தச் சோதனைகளைச் செய்து தெளிந்துவிடுகிறான். நாம் பேசும் வகைக் கதை தெளிவின் வாசல்வரை போகிறது, உள்ளே கால் வைப்பதில்லை. இமைத்தது போலிருந்தது, விளக்கு அசைந்ததாகவும் இருக்கலாம்.

பல்கேரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த திறனாய்வாளர் த்ஸ்வெதான் தோதரோவ், 1970-ல் வெளிவந்த தன் நூலில் இந்தத் தயக்கத்தையே ஓர் இலக்கிய வகையின் இலக்கணமாக வைத்தார். நடந்ததற்கு இயல்பான விளக்கம் உண்டா, இல்லை உலகத்தின் விதியே வேறா என்று தயங்கும் நேரம்வரைதான் அந்த வகை உயிரோடிருக்கும்; எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கதை பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும் என்பது அவர் வாதம். தமிழில் உதாரணம் வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை எடுத்துப் படியுங்கள். அதில் கதை சொல்பவரே கதை எழுதிப் பிழைப்பவர். வீட்டுக்குள் வந்த பெண்ணைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவர் வாய்வழி வருவதுதான்.

தொடக்க எழுத்தாளர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐயம் வேண்டும் என்றதும் எல்லாவற்றையும் மூடுபனியில் முக்கிவிடுவார்கள். ‘இனம்புரியாத ஏதோ ஒன்று எங்கோ அசைந்தது’ என்ற வாக்கியத்தில் ஐயமே இல்லை. எழுதியவருக்கு எதுவும் தெரியவில்லை என்பதுதான் இருக்கிறது. திருக்குறள் தலைவனுக்கு எதிரே நிற்பது தெளிவாகத் தெரிகிறது, காதுக் குழைவரைக்கும். அது என்ன என்பதில்தான் மயக்கம். நம் கதையிலும் அப்படித்தான். ஓடத்தின் பலகையில் ஈரமான காலடி. வலது கால் மட்டும். கரையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கயிறு அறுக்கப்படவில்லை, அவிழ்க்கப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாத தகவல்கள். யார் கால், யார் அவிழ்த்தது என்பது மட்டும்தான் திறந்து கிடக்கிறது.

கூட்டாக எழுதுகிறவர்கள் இதை ஒரே வரியில் ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளலாம்: கண்டது பொது, காரணம் தனி. கதைக்குள் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் குழுவின் பொதுச்சொத்து. அதை யாரும் மாற்றக்கூடாது, மறக்கக்கூடாது. அதற்கான காரணத்தை ஒவ்வொருவரும் தங்கள் மனத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், கதையின் குரலில் அறிவிக்கக்கூடாது. சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது.

உருவத்தை விடுங்கள், விதியை எடுங்கள்

நாட்டார் கதைகளை எடுத்துக் கையாளும்போது கை முதலில் உருவத்தை நோக்கித்தான் போகும்: பின்புறம் திரும்பிய பாதம், விரிந்த கூந்தல், நெருப்பு கக்கும் வாய். உருவத்துக்கு மவுசு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு முறை காட்டியாயிற்று என்றால் அடுத்தவர் அதைவிடப் பெரிதாகக் காட்ட வேண்டும். நாட்டார் மரபில் நமக்கு உண்மையிலேயே உதவும் சரக்கு விதிகள்.

எங்கள் ஓடத்துறைக் குரல் வங்காளத்து ‘நிஷி’யிலிருந்து வந்தது. இரவில் தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும், போனவர் திரும்ப மாட்டார் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆனால் அதனால் இரண்டு முறைக்கு மேல் கூப்பிட முடியாது. ஆகவே மூன்றாம் முறை கேட்கும்வரை பதில் சொல்லாதே. நிஷியின் முகம் எப்படியிருக்கும் என்று எங்கள் கதையில் யாரும் ஒரு வரி எழுதவில்லை. தேவைப்படவும் இல்லை. விதி ஒன்று கிடைத்ததும் ஊர் முழுக்க அதற்கேற்ப நடக்கத் தொடங்கிவிட்டது. கணவன் மனைவியைக் கூப்பிட்டால் அவள் எண்ணுகிறாள். உண்மையிலேயே அவசரத்தில் கத்தும் ஆள், மூன்று முறை கத்துவதற்குள் தாமதமாகிறது. ஒரு குழந்தை விளையாட்டுக்கு இரண்டு முறை கூப்பிட்டு ஒளிந்துகொள்கிறது. பேய் இருக்கிறதா என்பது தெரியாது. பேயை நம்புகிறவர்களின் நடத்தை கண்ணுக்குத் தெரிகிறது. அதை எழுத நான்கு பேருக்கும் வேலை இருக்கிறது.

விதி நல்லதா என்று பார்க்க எனக்கு ஒரு சோதனை உண்டு. அதை மீற ஒரு பாத்திரத்துக்குக் காரணம் கொடுக்க முடிகிறதா? ‘அந்தப் பாழடைந்த மாளிகைக்குள் போகாதே’ என்பது மோசமான விதி. போகாமல் இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ‘இரண்டாம் அழைப்புக்குப் பதில் சொல்லாதே’ என்பதைக் கடைப்பிடிப்பதற்கு ஒரு அக்காவாக இருந்தால் நெஞ்சு வலிக்கும்.

நாட்டார் கதையிலேயே இரண்டு இனம் உண்டு என்பதையும் குழு தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. கிரிம் சகோதரர்கள் 1816-ல் தொகுத்த ஜெர்மானியத் தலக்கதைகளின் (ஓர் இடத்தையோ ஆளையோ ஒட்டி, நடந்ததாகச் சொல்லப்படும் கதைகளின்) முன்னுரையில், தேவதைக் கதை அதிகக் கவித்துவம் கொண்டது, தலக்கதை அதிகம் வரலாற்றைச் சார்ந்தது என்று பிரித்தார்கள். ‘ஒரே ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்று தொடங்கினால் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. தவளை பேசினால் பேசட்டும். ‘எங்க தாத்தா கண்ணால பார்த்தாராம், அந்தப் பாலத்துக்கிட்ட’ என்று தொடங்கினால் உடனே ஒருவர் முன்னுக்கு வந்து உட்காருவார், இன்னொருவர் சிரிப்பார். ஹங்கேரியில் பிறந்த நாட்டாரியலாளர் லிண்டா டேக் தலக்கதையின் உயிரே இந்த வாக்குவாதத்தில் இருப்பதாகக் காட்டினார். நம்புகிறவர், நம்பாதவர், பாதி நம்புகிறவர் எல்லோரும் சேர்ந்துதான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது இனம். குழுவில் ஒருவர் தேவதைக் கதையும் மற்றவர் தலக்கதையும் எழுதிக்கொண்டிருந்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் பேய் எழுந்து உட்காரத்தான் செய்யும்.

சொந்தமாக நம்பிக்கை ஒன்றைப் புனைவதானால் குறைவாகச் சொல்லுங்கள். 2009-ல் இணையத்தில் நடந்த ஒரு படப் போட்டிக்காக இட்டுக்கட்டப்பட்ட ‘ஸ்லெண்டர் மேன்’ என்ற முகமில்லாத நெட்டை மனிதன், இரண்டு படங்களோடும் சில வரிகளோடும் பிறந்தவன். யார் அவன், என்ன வேண்டும் அவனுக்கு என்று எதுவும் சொல்லப்படவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் உலகம் முழுக்க முகம் தெரியாத பலர் நுழைந்து கதை எழுதினார்கள்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு கணக்கு

நடைமுறையில் மிகவும் உதவியது ஒரு சாதாரண அட்டவணை. இடது பக்கம் நிகழ்வு. நடுவில் ‘இயல்பு என்றால்’. வலது பக்கம் ‘அமானுஷ்யம் என்றால்’. தன் முறையில் எதை எழுதினாலும் இரண்டு பக்கமும் நிரப்பிய பிறகுதான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த நிகழ்வு கதையைச் சாய்த்துவிடும்.

எதிர்க்கரைக் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். அமானுஷ்யப் பக்கம் எளிது: தம்பி கூப்பிடுகிறான். இயல்புப் பக்கத்துக்குக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. காற்று அடங்கிய இரவில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேல் நோக்கிப் போகும் ஒலி அந்த அடுக்கில் வளைந்து மறுபடி கீழே இறங்கும். அதனால் பகலில் கேட்காத தூரத்துப் பேச்சு இரவில் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கும். எங்கோ யாரோ யாரையோ கூப்பிட்டதில் தங்கம் தன் பெயரைக் கேட்டிருக்கலாம்.

இயல்பான விளக்கங்களைத் தேடும்போது பேய்க்கதையைவிட வினோதமான சங்கதிகள் கிடைக்கும். 1921-ல் அமெரிக்கக் கண் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் அனுபவம் வெளியானது. பழைய வீட்டுக்குக் குடிவந்த பிறகு அவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்டது, உருவங்கள் தெரிந்தன, தலைவலி வந்தது. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகிக் கார்பன் மோனாக்சைடு கசிந்துகொண்டிருந்தது. இன்னொன்று அமுக்குவான் பேய். கனவுத் தூக்கத்தில் உடலின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்த நிலை விலகுவதற்குள் விழிப்பு முந்திக்கொண்டால், கண் திறந்திருக்கும், விரலை அசைக்க முடியாது, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதை ஆராய்ந்த டேவிட் ஹஃபர்ட் 1982-ல் எழுதிய நூலில் ஒன்றைக் கவனித்திருந்தார்: இப்படி ஒரு நம்பிக்கை இருப்பதையே கேள்விப்படாதவர்களும் கிட்டத்தட்ட அதே அனுபவத்தைச் சொன்னார்கள். நம் வேலைக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. விஞ்ஞானம் பாதிக் கதவைச் சாத்துகிறது, மீதிப் பாதி வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கிறது.

அட்டவணையை நிரப்புவதில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இயல்புப் பக்கத்தில் ‘கனவு’, ‘மனப்பிரமை’, ‘குடிபோதை’ என்று எழுதிவிட்டுப் போவது. வாசகர் அதை ஒரு கணமும் எடைபோட மாட்டார். தராசு பேயின் பக்கம் தாழ்ந்துவிடும். இரண்டு விடையும் கதையாக இருக்க வேண்டும், இரண்டும் வலிக்க வேண்டும். தம்பிதான் கூப்பிடுகிறான் என்றால் தங்கம் போக வேண்டியிருக்கும். தம்பி இல்லை என்றால் ஓடத்துறையைப் பிடுங்கிக்கொள்ள நினைக்கும் ஒருவர் அவளைப் பயமுறுத்துகிறார். அதுவும் இல்லை என்றால், வெள்ளம் வந்த இரவு தம்பி கூப்பிட்டபோது அவள் போகவில்லை. அந்தக் குரல் மூன்று வருடமாக அவள் காதுக்குள்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆறுதல் கிடையாது.

வந்தான், வந்தானாம், வந்த மாதிரி

இந்த வேலைக்குத் தமிழே ஒரு கருவிப்பெட்டி வைத்திருக்கிறது. ‘வந்தான்’ என்று எழுதினால் கதையின் குரல் உத்தரவாதம் கொடுத்துவிட்டது. ‘வந்தானாம்’ என்றால் கேள்விப்பட்டது. பொறுப்பு வேறு யாருடையதோ. ‘வந்திருப்பான்’ என்றால் ஊகம். ‘வந்தது போலிருந்தது’ என்றால் பார்த்தவரின் கண்ணைப் பொறுத்தது. ‘வந்தானோ?’ என்றால் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது. ஒரு ஓகாரமும் ஓர் ஆமும் போதும், தகவல் வதந்தியாகிவிடும். பாட்டிகள் இதை இலக்கணம் படித்துச் செய்யவில்லை.

குழுவில் எழுதும்போது இதை முதல் உதவிப் பெட்டியாகவும் பயன்படுத்தலாம். ஐந்தாம் அத்தியாயத்தை நாங்கள் கிழித்துப் போடவில்லை. அடுத்தவர் எழுதியதை அழிப்பது குழுவுக்குள் தீராத மனக்கசப்பில் கொண்டுபோய் விடும். அது பேயைவிடப் பெரிய ஆபத்து. அந்த இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. ஆறாம் அத்தியாயத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: தங்கம் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். பக்கத்து வீட்டு ஆச்சி துறையிலிருந்து அவளைத் தூக்கிவந்த கதையைச் சொல்கிறாள்: ‘தம்பி வந்தானாம், பக்கத்துல உக்காந்து பேசினானாம். நான் பார்க்கையில படியில இவ ஒருத்திதான் இருந்தா.’ பேசினான், பேசினானாம் ஆயிற்று.

இதோடு விட்டிருந்தால் நான் மேலே திட்டிய சோம்பேறித்தனம்தான். காய்ச்சல் என்பதும் கனவு என்பதும் ஒரே சாக்கு. ஆகவே எதிர்த்தட்டில் ஒரு கல் வைக்க வேண்டியிருந்தது. தம்பி பேசியதில் ஒரு வரி, தொலைந்துபோன பழைய துடுப்பு எந்த மணல்மேட்டில் புதைந்து கிடக்கிறது என்பது. ஏழாம் அத்தியாயத்தில் அந்த இடத்தில் துடுப்பு கிடைக்கிறது. தங்கத்துக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம், மறந்திருக்கலாம். தெரியாமலும் இருந்திருக்கலாம். பேய்க்கு மறுபடி மூச்சு வந்தது.

இதிலிருந்தே வரும் இன்னொரு பழக்கம்: வினோதமானது எதையும் பாத்திரம் ஒன்றின் கண் வழியாக மட்டும் காட்டுங்கள். யாரும் இல்லாத அறையில் நாற்காலி தானாக நகர்ந்தது என்று எழுதிவிட்டால் அதைப் பார்த்தது கதைசொல்லி. அவரைச் சந்தேகிக்க வழியில்லை.

ஆளுக்கொரு பாடம்

கூட்டாக எழுதும்போது முரண்பாடு வராமல் இருக்காது. இரண்டாம் அத்தியாயத்தில் குரல் யாரையும் இரண்டு முறை கூப்பிடும் என்று ஒருவர் எழுதினார். நான்காவதில் இன்னொருவர், அது பெண்களை மட்டும்தான் கூப்பிடும் என்றார். துப்பறியும் கதையில் இது பிழை. இங்கே வரவு. நாட்டார் கதை எங்கேயாவது ஒரே மாதிரி சொல்லப்பட்டிருக்கிறதா? ஒரு தெருவில் ஒரு பாடம், அதாவது ஒரு வடிவம், அடுத்த தெருவில் வேறு பாடம். தனியாக எழுதுபவர் இந்தப் பாடபேதத்தைச் சிரமப்பட்டு நடிக்க வேண்டும். நான்கு பேர் எழுதும்போது அது தானாக விளைகிறது, ஏனென்றால் நாட்டார் கதையே ஒருவர் எழுதியதில்லை. ஓடக்காரன் சொல்லும் கதையில் செத்தவன் தப்பு செய்தவன். செத்தவனின் அம்மா சொல்லும் கதையில் அவன் யாரையோ காப்பாற்றப் போனவன். யார் எந்தப் பாடத்தைச் சொல்கிறார்கள் என்பதே அவர்களைப் பற்றிய செய்தி.

ஆனால் இந்தச் சலுகை பழங்கதைக்கு மட்டும். கதையின் இப்போதைய நடப்பில் முரண்பாடு வந்தால் அது பிழைதான். நேற்று ராத்திரி நிலா இருந்ததா, நாய் குரைத்ததா, கயிற்றில் எத்தனை முடிச்சு என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாசகர் ஐயத்தில் இருக்கும்போது இந்தச் சில்லறை விவரங்களைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பார். அதில் ஒன்று ஆடினால், இது பேய் வேலையா எழுத்தாளர் மறதியா என்ற மூன்றாவது ஐயம் வந்துவிடும். அந்த ஐயத்தில் யாருக்கும் சுவாரசியம் இல்லை.

இன்னொரு இயற்கையான தொல்லை, விலைவாசி ஏற்றம். முதலாமவர் ஒரு குரலைக் கேட்கவைத்தால் இரண்டாமவர் நிழலைக் காட்டுவார், மூன்றாமவர் இரத்தம், நான்காமவர் ஊரையே எரித்துவிடுவார். ஒருவரும் கெட்டவர் இல்லை. முந்தியவரைவிடக் குறைவாக எழுதினோம் என்ற பெயர் வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஒரு முறைக்கு ஒரு வினோதம், தொடர்ந்து இரண்டு முறைகளில் வினோதம் கூடாது என்று நாங்கள் ரேஷன் போட்டோம். எதுவும் நடக்காத அத்தியாயங்கள்தான் பிறகு பயங்கரமாக இருந்தன. ஜப்பானில் எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19-ஆம் நூற்றாண்டுவரை, நூறு விளக்கை ஏற்றிவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் பேய்க்கதை சொல்லும் விளையாட்டு இருந்தது. ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு விளக்கை அணைப்பார்கள். நூறும் அணைந்தால் ஏதோ வரும் என்று நம்பிக்கை. 99-ஆவது கதையோடு எழுந்து போய்விடுவார்களாம் பலர். அத்தனை பேர் கூடி எழுப்பிய பயத்தை ஒரே ஒரு விளக்கை அணைக்காமல் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஐயம் கூடாத இடம்

எல்லாவற்றையும் ஈரடியாக விட்டுவிட முடியாது. ஒரு பெண்ணை ஊரே சூனியக்காரி என்கிறது. அவள் சூனியக்காரிதானா இல்லையா என்று கதை கண் சிமிட்டினால், அது எனக்குக் கோழைத்தனமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் சேலத்தில் 1692-ல் தொடங்கிய சூனிய வழக்குகளில் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் குற்றச்சாட்டால் மனிதர்கள் அடிபட்டுச் சாவது பழங்கதையாகவும் இல்லை. கல்லெறிபவர் ஐயத்தில் இருக்கலாம். கதை அந்தக் கல்லின் பக்கம் நிற்கக்கூடாது.

அதேபோல, ஒரு மக்கள் கூட்டம் இன்றும் நம்பி, அஞ்சி, வெளியாரிடம் பேசத் தயங்கும் சில உருவங்கள் உண்டு. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் தோல்மாறிகள், அதாவது விலங்கு உருவெடுக்கும் சூனியக்காரர்கள், அப்படிப்பட்டவை. அவற்றை அப்படியே தூக்கிவந்து பொம்மையாக ஆட்டுவதைவிட, விதி எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொண்டு சொந்தமாக ஒன்றைப் புனைவது மரியாதை. கதையும் அதனால் கெட்டுப்போகாது.

குழுவுக்குள்ளும் எல்லை வேண்டும். வேடமேற்று விளையாடும் கதை விளையாட்டுக்காரர்களிடம் ‘கோடும் திரையும்’ என்ற ஒரு பழக்கம் இருக்கிறது. கோடு என்றால் அந்த விஷயம் கதைக்குள் வரவே வராது. திரை என்றால் வரலாம், ஆனால் மேடைக்குப் பின்னால் நடக்கும். குழந்தையின் சாவு, தற்கொலை மாதிரியான விஷயங்களில் யாருக்கு எது தாங்காது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

முடிப்பது, உறை பிரிப்பது

ஐயத்தோடு முடியும் கதை முடியாத கதை அல்ல. கேள்வி ஒன்று திறந்திருக்கும்; இன்னொன்று மூடியிருக்க வேண்டும். குரல் யாருடையது என்பது திறந்தே இருக்கட்டும், தங்கம் என்ன செய்தாள் என்பதை மூடியாக வேண்டும். எங்கள் கடைசி அத்தியாயத்தில் இரண்டு அழைப்பு கேட்கிறது. அவள் மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறாள். அது வரவில்லை. மணலிலிருந்து எடுத்த துடுப்பைக் கையில் எடுத்து ஓடத்தைத் தள்ளுகிறாள். அங்கே நிறுத்தினோம். எதிர்க்கரையில் யார் இருந்தால் என்ன, மூன்று வருடத்துக்கு முன் போகாதவள் இன்று போய்விட்டாள்.

கடைசியாக ஓர் உத்தி. பிரிட்டனின் துப்பறியும் எழுத்தாளர்கள் ‘டிடெக்‌ஷன் கிளப்’ என்ற பெயரில் கூடி, ஆளுக்கோர் அத்தியாயமாக 1931-ல் ஒரு நாவல் வெளியிட்டார்கள். தங்கள் மனத்தில் தெளிவான ஒரு தீர்வு இல்லாமல் யாரும் தன் அத்தியாயத்தை எழுதக்கூடாது, அந்தத் தீர்வை எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டும் என்பது விதி. பலருடைய தீர்வுகள் நூலின் பின்னிணைப்பில் அச்சாகின. கடைசி அத்தியாயத்தை எழுத வேண்டியிருந்த ஆண்டனி பெர்க்லி, அதற்கு ‘குழப்பத்தை ஒழுங்குசெய்தல்’ என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்தார், பாவம்.

நாங்கள் அந்த விதியைத் திருடிக்கொண்டோம். எழுதி முடிக்கும்வரை ஒவ்வொருவரும் தன் மனத்திலுள்ள காரணத்தைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைக்க வேண்டும். காரணம் தெரியாமல் எழுதினால் நிகழ்வுகள் கொழகொழவென்று ஆகிவிடும். காரணம் தெரிந்தும் சொல்லாமல் எழுதினால் ஒவ்வொரு வரியிலும் ஓர் எலும்பு இருக்கும். உறைகளைப் பிரிக்கும்போது நான்கிலும் ஒரே விடை இருந்தால் கதை எங்கோ சாய்ந்துவிட்டது என்று பொருள். திரும்பிப் போய்த் தராசைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பன்னிரண்டு அத்தியாயமும் முடிந்து உறைகளைப் பிரித்தோம். ஒருவர், கூப்பிட்டது செத்த தம்பிதான் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், துறைக்கு ஆசைப்பட்ட பக்கத்து ஆள். நான், தங்கத்தின் குற்றவுணர்ச்சி. ஐந்தாம் அத்தியாயக்காரர் எப்படியும் பேய் என்றுதான் எழுதியிருப்பார் என்று நாங்கள் மூவரும் பேசி வைத்திருந்தோம். அவர் தாளில் இருந்தது இது: “தம்பி சாகவில்லை. எதிர்க்கரையில் உயிரோடு இருக்கிறான். திரும்பி வர வெட்கம். இரண்டு முறைக்கு மேல் கூப்பிட அவனுக்குத் தைரியம் வரவில்லை.”

முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி புரட்டிப் பார்த்தோம். ஈரக் காலடி, அவிழ்ந்த கயிறு, காய்ச்சல் கண்ட இரவு, மணலில் துடுப்பு. அதற்கு எதிராக ஒரு வரிகூட இல்லை.